அருங்காட்சியகத்துக்கு ஊடாடும் காட்சி அமைக்கும் மாணவர் குழு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வடிவமைப்பு, கணினி அறிவியல், வரலாறு ஆகிய துறைகளைச் சேர்ந்த ஆறு மாணவர்களுக்கு, அருங்காட்சியகம் ஒன்றின் பழைய வானியல் கருவிகள் கூடத்தில் பார்வையாளர்கள் தாமே இயக்கிப் பார்க்கும் காட்சி ஒன்றை அமைத்துத் தரும் பணி கிடைத்திருக்கிறது. கையில் இருப்பது ஒரு கல்விப் பருவம், ஏறத்தாழப் பதினான்கு வாரங்கள். குழுவில் பாதிப் பேர், கணினி உருவாக்கும் காட்சியைக் காட்டும், தலையில் அணியும் மெய்நிகர் கண்ணாடி வேண்டும் என்கிறார்கள். மற்றவர்கள் பெரிய தொடுதிரை ஒன்று போதும் என்கிறார்கள். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது, வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் ஐந்து வாரங்களுக்கு இரண்டையும் ஒதுக்கி வையுங்கள் என்பதே என் பதில். கூடத்தில் இருக்கும் கருவிகளுள் எந்த ஒன்றைப் பற்றியது உங்கள் காட்சி, பார்வையாளர் தம் கையால் செய்யப்போகும் ஒரே செயல் எது, அதைச் செய்து முடித்ததும் அவருடைய கண் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் உண்மையான கருவியின் பக்கம் திரும்புமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகுதான் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுப்பதில் பொருள் இருக்கும். மூன்றிலும் கடினமானது கடைசிக் கேள்வி. மாணவர் குழுக்கள் செய்யும் காட்சிகளில் நான் பார்த்த பல, திரைக்குள் அழகாக இயங்கின. ஆனால் அந்தத் திரையை அருங்காட்சியகத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய் ஒரு வணிக வளாகத்தில் வைத்திருந்தாலும் அவற்றுக்கு எந்தக் குறையும் வந்திருக்காது. அப்படியானால் அருங்காட்சியகம் எதற்கு?

பார்வையாளர் தொட்டு இயக்கலாம் என்ற எண்ணம் புதியதன்று. ஆஸ்கர் ஃபான் மில்லர் முன்னின்று 1903-இல் மியூனிக்கில் நிறுவிய டாய்ச்சஸ் மியூசியம், பொத்தானை அழுத்தினால் ஓடும் மாதிரிகளுக்கும், உள்ளுறுப்புகள் தெரியுமாறு வெட்டி வைக்கப்பட்ட இயந்திரங்களுக்கும் பெயர்பெற்றது. இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், அதாவது லாஸ் அலமாஸ் ஆய்வகத்தை இயக்கிய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி, 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் திறந்தபோது அந்த எண்ணம் இன்னொரு படி முன்னேறியது. பொத்தானை அழுத்துபவர் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி வைக்கிறார், பிறகு அது முடியும்வரை வேடிக்கை பார்க்கிறார். எக்ஸ்ப்ளோரட்டோரியத்திலோ, பார்வையாளர் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ, சாய்த்தோ சுழற்றியோ பார்த்து, அதனால் என்ன மாறுகிறது என்பதைத் தாமே கண்டுகொள்கிறார். உங்கள் காட்சி இவ்விரண்டில் எந்த வகை என்பதைக் குழுவுக்குள் வெளிப்படையாகப் பேசித் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தொடுதிரையில் அடுத்த பக்கத்துக்குப் போவதற்கான குறியைத் தொடுவது எத்தனை வண்ணத்தில் செய்யப்பட்டாலும் பொத்தான் வகைதான்.

ஆனால் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தை அப்படியே பின்பற்றவும் முடியாது. அறிவியல் மையத்தில் காட்டப்படுவது ஒளி, ஒலி, காந்தம் போன்ற இயற்கை நிகழ்வு. அதைப் பார்வையாளரின் கையிலேயே கொடுத்துவிடலாம், உடைந்தால் பட்டறையில் மறுபடி செய்துகொள்ளலாம். உங்களிடம் இருப்பது சில நூற்றாண்டுகள் பழைய பித்தளைக் கருவி. அதை யாரும் தொட முடியாது. கை ஓரிடத்திலும் பொருள் வேறோரிடத்திலும் இருக்கும் இந்த இடைவெளிதான் உங்களுடைய வடிவமைப்புச் சிக்கல். பெரிய நிறுவனங்களும் இதனோடு போராடியிருக்கின்றன. கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் 2013-இல் திறந்த கேலரி ஒன் என்ற கூடத்தில் கலைப்பொருள்களுக்கு அருகிலேயே பெரிய தொடுதிரைகளை நிறுவியது. நாற்பது அடி நீளத் தொடுதிரைச் சுவர் ஒன்றும் அங்கே இருந்தது. 2017-இல் அதே கூடம் ஆர்ட்லென்ஸ் என்ற பெயரில் மாற்றி அமைக்கப்பட்டபோது, கலைப்பொருள்களை ஒட்டியிருந்த தொடுதிரைகளுக்குப் பதிலாக, உடலசைவை உணர்ந்து மாறும் ஒளிவீச்சுப் படங்கள் இடம்பெற்றன. நியூயார்க்கின் கூப்பர் ஹெவிட் வடிவமைப்பு அருங்காட்சியகம் வேறு வழியை முயன்றது. 2015-இல் அது பார்வையாளர்களுக்குத் தடித்த மின்னணுப் பேனா ஒன்றைக் கையில் கொடுத்தது. பிடித்த பொருளின் விளக்கப் பலகையில் பேனாவை ஒற்றினால், பலகைக்குள் இருக்கும், மிக அருகிலிருந்து மட்டும் கம்பியில்லாமல் படிக்கக்கூடிய என்எஃப்சி சில்லை அது படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். நுழைவுச்சீட்டில் அச்சிட்ட இணைய முகவரியில், தாம் சேர்த்தவற்றையெல்லாம் பார்வையாளர் பிறகு பார்க்கலாம். அந்தப் பேனா பின்னாளில் நிறுத்தப்பட்டுவிட்டது. இருந்தாலும் அதற்குள் இருந்த சிந்தனை எனக்குப் பிடித்தமானது: பொருளுக்கு முன்னால் நிற்கும் நேரத்தில் பேனா கேட்பது ஒரு நொடியைத்தான், மீதி நேரமெல்லாம் பொருளுக்கே.

உங்கள் கூடத்தையே எடுத்துக்கொள்வோம். வானியல் கருவிகள் கூடத்தில் ஆஸ்ட்ரோலேப் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அதை வைத்து விளக்குகிறேன். வட்டமான பித்தளைக் கருவி அது. அடியில், ஒரு குறிப்பிட்ட அட்சரேகைக்கென வானத்தின் உயரக் கோடுகள் செதுக்கப்பட்ட தட்டு. அதன்மேல், கொடிப்பின்னலாக வெட்டப்பட்ட இன்னொரு தட்டு. அதிலுள்ள ஒவ்வொரு கூர்முனையும் ஒரு நட்சத்திரத்தின் இடத்தைக் காட்டும், அருகில் அதன் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். கருவியின் பின்பக்கத்திலுள்ள சுழலும் கோலால் ஒரு நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டு, முன்பக்கத்தில் அந்த நட்சத்திரத்தின் கூர்முனை அதே உயரக் கோட்டைத் தொடும்வரை பின்னல் தட்டைத் திருப்ப வேண்டும். பிறகு, அன்றைய நாளில் சூரியன் இருக்கும் இடத்தை, பின்னல் தட்டில் சூரியனின் ஆண்டுப் பாதையைக் காட்டும் ஞாயிற்றுப்பாதை வளையத்தில் கண்டு, அதன்மேல் முன்பக்கத்து அளவுகோலை வைத்தால், அந்த அளவுகோலின் முனை விளிம்பில் இரவு மணியைக் காட்டும்.

இதைப் படித்தவுடன் குழுவுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். முப்பரிமாண ஸ்கேன் எடுக்கலாம், அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டலாம், வரலாற்றைக் காலக்கோடாகப் போடலாம், வர்த்தக வழிகளை வரைபடத்தில் காட்டலாம், கடைசியில் ஒரு வினாடிவினா வைக்கலாம். இவை அனைத்தையும் விட்டுவிட்டு, திருப்பினால் மணி தெரிகிறது என்ற ஒரே செயலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தே மணி சொன்னார்கள் என்பது எந்த வயதினரையும் நிறுத்திவைக்கும் செய்தி. அதைத் தாமே செய்து பார்த்தோம் என்பது அதைவிடப் பெரிது. எது வேண்டாம் என்று முடிவெடுப்பதில் வரலாற்று மாணவர்களுக்கு மனவருத்தம் ஏற்படும். அவர்கள் திரட்டிய செய்திகளுள் எது அந்தச் செயலைப் புரியவைக்கிறதோ அது காட்சியில் இருக்கட்டும், மற்றவை கூடத்து வழிகாட்டிகளுக்கான குறிப்பேட்டுக்குப் போகட்டும். அந்தக் குறிப்பேடு வீண் வேலையன்று. பல ஆண்டுகள் பயன்படப்போவது அதுவாகவே இருக்கலாம்.

முதல் இரண்டு வாரங்களில் கணினியைத் திறக்காமல் கூடத்தில் போய் நில்லுங்கள். கூடத்தின் தரைப்படத்தை ஒரு தாளில் வரைந்துகொண்டு, உள்ளே வரும் ஒருவர் எந்த வழியாக நடக்கிறார், எங்கே நிற்கிறார், எத்தனை நொடி நிற்கிறார், யாரிடம் என்ன பேசுகிறார் என்பதைக் குறியுங்கள். இத்தனையாவது ஆளாக வாசலைத் தாண்டுபவரைத்தான் பின்தொடர்வோம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால், சுவாரசியமானவர்களை மட்டும் பொறுக்கியெடுக்கும் பழக்கம் வராது. கவனிப்பு நடக்கிறது என்பதை வாசலில் ஓர் அறிவிப்பாக வைத்துவிடுவதும், பெயர், முகம் எதையும் பதிவு செய்யாமலிருப்பதும் அடிப்படை நாகரிகம். அருங்காட்சியகத்துக்கு இதற்கெனத் தனி விதி இருந்தால் அதன்படி நடங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கண்காட்சிகளில் இப்படித் திரட்டப்பட்ட தரவுகளை 1990-களில் தொகுத்து ஆராய்ந்த அருங்காட்சியக ஆய்வாளர் பெவர்லி செரெல், கண்காட்சியின் பொருளும் பரப்பும் எதுவாயினும் பெரும்பாலானோர் அதற்குள் இருபது நிமிடத்துக்கும் குறைவாகவே செலவிடுகிறார்கள் என்று கண்டார். ஒரு முழுக் கண்காட்சிக்கே அவ்வளவுதான் என்றால், அதற்குள் ஒரு மூலையில் இருக்கப்போகும் உங்கள் மேசைக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடம் கிடைத்தால் அதைப் பெரிய வெற்றியாகக் கொள்வேன். ஐந்து நிமிட அறிமுகக் காணொளியோடு தொடங்கும் திட்டங்கள் இந்த ஒரு கணக்கிலேயே விழுந்துவிடும்.

கவனிக்கும்போது உடலையும் பாருங்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் அருங்காட்சியகக் களைப்பு பற்றி எழுதிய கட்டுரையில், பேழைகளுக்குள் இருக்கும் பொருள்களைப் பார்ப்பதற்காக ஒருவர் குனிந்தும் வளைந்தும் கிட்டத்தட்ட மண்டியிட்டும் படும் பாட்டைப் புகைப்படங்களாகவே வெளியிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் படங்களை இன்றைய கூடங்களில் எடுத்ததாகச் சொன்னால் யாரும் நம்புவார்கள். உங்கள் மேசையின் உயரம், எழுத்தின் அளவு, கண்ணாடியில் விழும் விளக்கின் பிரதிபலிப்பு ஆகியவை மென்பொருளைவிட அதிகமாகக் காட்சியின் விதியைத் தீர்மானிக்கும்.

காப்பாட்சியரிடம் எப்படியும் பேசுவீர்கள். கூடத்துக் காவலரிடமும் பேசுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைகள் எதன்மேல் ஏறுவார்கள், மாலையில் எந்த ஜன்னலிலிருந்து வெயில் வந்து விழும், பள்ளிக் குழு வரும் நாளில் எந்த இடத்தில் நெரிசல் ஏற்படும், முன்பு வைத்த கணினிக் காட்சி எத்தனை மாதத்தில் நின்றது, ஏன் நின்றது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மின்பணியாளரிடம் கேட்டால் எந்த இடத்தில் மின்னிணைப்பு இருக்கிறது, இரவில் எந்தச் சுற்று அணைக்கப்படுகிறது என்பது தெரியவரும்; இவ்விரு உரையாடல்களும் உங்களுக்கு ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தும்.

மூன்றாம் வாரம் அட்டையில் ஒரு மாதிரி செய்யுங்கள். ஆஸ்ட்ரோலேப் என்றால் இது மிக எளிது. கெட்டி அட்டையில் உயரக் கோடுகளை அச்சிட்டு ஒட்டுங்கள், பின்னல் தட்டை ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு வெட்டுங்கள், நடுவில் ஓர் ஆணி. அதைக் கூடத்துக்கே எடுத்துச் சென்று, பேழைக்கு அருகில் ஒரு மேசைமேல் வைத்து, முன்பின் தெரியாத பார்வையாளர்களைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நண்பர்களையும் வகுப்புத் தோழர்களையும் கொண்டு சோதிப்பது சோதனையே ஆகாது, ஏனெனில் அவர்களுக்கு விடை தெரியும், உங்கள்மீது அன்பும் இருக்கும்.

இத்தகைய மேசைகளுக்கு அருகில் நின்று பார்த்த வரையில், திரும்பத் திரும்ப நடப்பவை சில உண்டு. பெரியவர்கள் முதலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார்கள், தொடமாட்டார்கள். தொடாதே என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர்களுக்கு, இங்கே தொடலாம் என்பதைப் பலகை சொன்னால் போதாது, பொருளின் வடிவமே சொல்ல வேண்டும். விளிம்பில் விரல் பதியும்படி ஒரு குமிழ் வைத்த மாதிரியை உடனே பிடித்துத் திருப்புகிறவர், அதே தட்டு குமிழின்றி இருந்தால் நடுவிலிருக்கும் ஆணியைத் திருக முயல்வார். அட்டையும் பிளாஸ்டிக் தாளும் உரசிக்கொள்வதால் இரண்டும் சேர்ந்தே சுழலும், அவருக்கு ஒன்றுமே மாறியதாகத் தெரியாது. அடித்தட்டை அசையாமல் பொருத்த வேண்டும் என்பது அப்போதுதான் உங்களுக்கு உறைக்கும். சுவாதி நட்சத்திரம் நாற்பது பாகை உயரத்தில் இருக்கிறது என்று பலகையில் எழுதியிருப்பீர்கள்; கிழக்கிலா மேற்கிலா என்று எழுதாததால், சரியாகவே செய்த ஒருவருக்கு முற்றிலும் வேறான மணி கிடைக்கும். பாகை என்ற சொல்லிலேயே சிலர் நின்றுவிடுவார்கள். இந்த இடங்களிலெல்லாம் வாயைத் திறந்து உதவாமலிருப்பது மாணவர்களுக்கு மிகக் கடினம். ஒருவர் பேசாமல் பார்த்து எழுதட்டும். இன்னொருவர், பார்வையாளர் செய்து முடித்த பிறகு மட்டும், இது எதைக் காட்டியது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்கட்டும். புரிந்ததா என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றே சொல்வார்கள்.

தனியாக வருபவர்களைவிடக் குடும்பங்களையும் நண்பர் குழாம்களையும் கொண்டு அதிகமாகச் சோதியுங்கள். மென்பொருள் சோதனையில் ஒருவரை ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைப்பது வழக்கம். அருங்காட்சியகத்தில் அப்படி யாரும் வருவதில்லை. ஒரு குழந்தை திருப்பும், அம்மா பலகையைப் படித்துச் சொல்வார், தாத்தா பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார். இந்த மூவருக்கும் இடமும் வேலையும் இருக்கிறதா என்பதுதான் உங்கள் மேசைக்கான தேர்வு.

எக்ஸ்ப்ளோரட்டோரியத்தின் ஆய்வாளர்கள் சூ ஆலன், ஜோஷுவா கட்வில் ஆகியோர் 2004-இல், பல ஊடாடும் அம்சங்களை ஒரே காட்சியில் அடுக்குவதால் வரும் ஐந்து சிக்கல்களை எழுதினார்கள். சம முக்கியத்துவத்தோடு பல தெரிவுகளைக் கொடுத்தால் பார்வையாளர் திணறுகிறார் என்பது அவற்றுள் ஒன்று. பலர் ஒரே நேரத்தில் இயக்கும்போது ஒருவர் செய்வதை இன்னொருவர் கலைத்துவிடுகிறார் என்பது மற்றொன்று. ஒரே ஆள் இயக்கினாலும் அந்த இயக்கமே காட்ட வந்த நிகழ்வைக் கெடுத்துவிடலாம், அம்சங்களின் நெரிசலில் முதன்மையான நிகழ்வு கண்ணில் படாமலே போகலாம், துணை அம்சம் முதன்மையானதை மறைத்துவிடலாம் என்பவை எஞ்சிய மூன்று. ஒரு பருவம் முழுவதும் உழைக்கும் மாணவர் குழு ஐந்தையும் ஒருசேரச் செய்துவிடக் கூடியது, ஏனென்றால் ஆறு பேருக்கும் தம் பங்கு காட்சியில் தெரிய வேண்டும் என்ற ஆசை இருக்கும். அது இயல்பான ஆசை. ஆனாலும் பங்கு தெரிய வேண்டிய இடம் உங்கள் அறிக்கை.

இப்போது தொழில்நுட்பத்துக்கு வரலாம். மெய்நிகர் கண்ணாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அணிவித்தல், விளக்குதல், பார்த்தல், கழற்றித் துடைத்தல் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு எட்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கண்ணாடியில் மணிக்கு ஏழு பேர். ஆறு மணி நேரம் திறந்திருக்கும் கூடத்தில் நாள் முழுதும் நாற்பதைச் சற்றுத் தாண்டும். அதற்கு ஒரு பணியாளர் அருகிலேயே நிற்க வேண்டும். தயாரிப்பாளர்களே வயது வரம்பு விதித்திருப்பதால் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கவும் முடியாது. இவற்றையெல்லாம்விட, பேழைக்கு முன்னால் நிற்கும் ஒருவரின் கண்ணை முழுவதுமாக மூடிவிடும் கருவி அது. பொருளே அழிந்துபோய்விட்ட இடத்திலோ, பார்வையாளர் ஒருபோதும் செல்ல முடியாத இடத்தைக் காட்டுவதற்கோ அது பொருத்தமாக இருக்கலாம். உங்களிடம் பொருள் எதிரிலேயே இருக்கிறது. கைபேசிச் செயலிக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான், பதிவிறக்கும் தொல்லையும் கூடுதல்.

தொடுதிரை அவ்வளவு மோசமில்லை. பல மொழிகளில் விளக்கம் தர, எழுத்தைப் பெரிதாக்க, கையெழுத்துச் சுவடியின் பக்கங்களைப் புரட்ட அது நன்றாக உதவும். திருப்புவது, சாய்ப்பது, அளப்பது போன்ற கைச்செயலையே காட்ட வேண்டிய கருவிக்கு அதைப் பயன்படுத்தினால், பித்தளைத் தட்டின் எடையும் உரசலும் இல்லாத ஒரு படத்தைத்தான் விரல் தடவும். ஆஸ்ட்ரோலேப் என்றால் அரை மீட்டர் குறுக்களவில் தடித்த அக்ரிலிக்கிலோ அலுமினியத்திலோ செய்த பெரிய மாதிரியைச் சாய்ந்த மேசையில் பதிப்பேன். சுழலும் தட்டின் அச்சில் காந்தத்தால் கோணத்தை அளக்கும் சென்சார் ஒன்று. அதில் ஒன்றோடொன்று உரசும் பகுதி இல்லாததால் தேய்மானமும் இல்லை. அதைப் படிக்க ஆர்டுவினோ போன்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று. நட்சத்திரத்தின் கூர்முனை சரியான கோட்டைத் தொட்டவுடன், பேழைக்கு வெளியே மேலே பொருத்திய மெல்லிய ஒளிக்கற்றை ஒன்று உண்மையான கருவியிலுள்ள அதே கூர்முனையில் விழ வேண்டும். கை இங்கே இருக்க, கண் அங்கே போகும். முழு மின்னணுவியலும் இவ்வளவுதான். சென்சார் பழுதானாலும் தட்டு சுழலும், மணி தெரியும், காட்சி செத்துப்போகாது. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய பலமாகக் கருதுவேன்.

ஒளிக்கற்றை என்றவுடன், பொருள்கள் சிதையாமல் பாதுகாக்கும் காப்புநிபுணர் எழுந்து நிற்பார், நிற்கவும் வேண்டும். உலோகம் ஒளியால் பெரிதாகப் பாதிக்கப்படாது. ஆனால் அதே பேழையில் கையெழுத்துச் சுவடியோ துணியோ இருந்தால் அவற்றுக்கு வழக்கமாகக் கடைப்பிடிக்கப்படும் வெளிச்ச உச்சவரம்பு 50 லக்ஸ். உங்கள் ஒளி அவற்றின்மீது சிதறக் கூடாது. பேழைக்குள் எதையும் வைக்கத் திட்டமிடாதீர்கள். சில மரப்பலகைகள், பசைகள், ரப்பர் வகைகள் ஆகியவற்றிலிருந்து கசியும் அமில ஆவியும் கந்தக ஆவியும் மூடிய பேழைக்குள் தங்கி, உலோகத்தை மங்கவும் அரிக்கவும் செய்யும். ஒலியைப் பொறுத்தவரை ஒரே அறிவுரை: முடிந்தால் வேண்டாம். நாள் முழுதும் அங்கே நிற்கப்போகிற காவலர் உங்கள் இசையை ஆயிரம் முறை கேட்க வேண்டியிருக்கும்.

அளவுகளை ஊகத்துக்கு விடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வகைசெய்யும் உங்கள் நாட்டின் அணுகல் விதிகளே உங்களைக் கட்டுப்படுத்தும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், ஏடிஏ எனப்படும் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டு வடிவமைப்புத் தரம், தடையில்லாத இடத்தில் கை எட்ட வேண்டிய உயரத்தைத் தரையிலிருந்து 380 முதல் 1,220 மில்லிமீட்டர் வரை என்று வரையறுக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவரின் முழங்கால் மேசைக்கடியில் நுழைய 685 மில்லிமீட்டர் உயர இடைவெளி கேட்கிறது. மேசையைப் பெட்டியைப் போல் அடைத்துச் செய்தால் அவர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, ஒரு கையால் எட்டி இயக்க வேண்டியிருக்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு இணைய அணுகல் வழிகாட்டி சொல்வதுபோல் குறைந்தது 4.5-க்கு 1 இருக்கட்டும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது, அது வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. கோடுகளைச் செதுக்கிப் புடைப்பாகச் செய்தால் பார்வையற்றவரும் தடவிப் பார்த்து நட்சத்திரத்தைக் கோட்டில் சேர்க்க முடியும். பெரிய மாதிரியால் கிடைக்கும் இந்த வாய்ப்பைத் திரை தராது.

உறுதியைப் பற்றி ஒரு பத்தி. குழந்தைகள் தட்டை வண்டிச் சக்கரத்தைப் போல் சுழற்றுவார்கள், குமிழில் தொங்குவார்கள், இடுக்குகளில் காகிதத்தைத் திணிப்பார்கள். விரல் சிக்கும் இடைவெளி எதுவும் இருக்கக் கூடாது. வெளியே தெரியும் திருகுகள் சாதாரணத் திருப்புளிக்கு அடங்காத வகையாக இருக்கட்டும். காலையில் பணியாளர் செய்ய வேண்டியது சுவரிலுள்ள ஒரு ஸ்விட்சைப் போடுவது மட்டுமாக இருக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் தானே எழுந்து இயங்க வேண்டும். இணையத் தொடர்பு இல்லாமலே எல்லாம் நடக்க வேண்டும். யாரோ பாதியில் விட்டுப் போன நிலையிலிருந்து அடுத்தவர் தொடங்க நேரும் என்பதையும் மறக்காதீர்கள். தட்டு எந்த நிலையில் நின்றிருந்தாலும் அங்கிருந்தே தொடங்கலாம் என்பதால் இயந்திர மாதிரிக்கு இந்தத் தொல்லை குறைவு. திரை வைத்தால், ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் தொடக்கப் பக்கத்துக்குத் திரும்பும்படி செய்துவிடுங்கள்.

குழுவின் உள்விவகாரத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். கருத்து வேறுபாடு வரும்போது வாக்கெடுப்பு வைக்காதீர்கள். எந்தக் கேள்விக்கு அட்டை மாதிரியைக் கூடத்தில் வைத்து ஒரு மதியத்தில் விடை காண முடியுமோ, அதைக் கூட்டத்தில் விவாதிப்பது காலவிரயம். எட்டாம் வாரத்துக்குப் பின் புதிய அம்சம் எதையும் ஏற்பதில்லை என்று தொடக்கத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள், காப்பாட்சியரையும் கையொப்பமிடச் சொல்லுங்கள். பதினோராம் வாரத்தில் அவருடைய மேலதிகாரி வந்து ஒரு காணொளியும் இருந்தால் நன்றாயிருக்குமே என்று சொல்லும்போது அந்தத் தாள் பேசும்.

கடைசி இரண்டு வாரங்களில், தொடக்கத்தில் வரைந்த அதே தரைப்படத்தோடு மறுபடியும் கூடத்தில் நின்று அளவெடுங்கள். உங்கள் மேசையில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது ஒரு தகவல். அதைவிட முக்கியமாக, ஆஸ்ட்ரோலேப் பேழையின்முன் முன்பு எத்தனை நொடி நின்றார்கள், இப்போது எத்தனை நொடி நிற்கிறார்கள், தட்டைத் திருப்பியவர்களுள் எத்தனை பேர் தலையை உயர்த்திப் பேழையைப் பார்த்தார்கள் என்று எண்ணுங்கள். மேசையில் கூட்டம் கூடிப் பேழையின் நேரம் குறைந்திருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். மதிப்பெண் தருபவருக்கும் அருங்காட்சியகத்துக்கும் பயன்படும் முடிவுதான் அது. ஒப்படைக்கும் கோப்பில் நிரலும் வரைபடங்களும் மட்டும் போதாது. எந்தச் சென்சார், எந்த எண், எங்கே வாங்கலாம், பழுதானால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், எப்படித் துடைக்க வேண்டும், எந்தத் திரவத்தால் துடைக்கக் கூடாது என்பதைக் கணினி அறியாத ஒருவர் படித்துச் செய்யும்படி ஒரே தாளில் எழுதி, மேசையின் உட்கதவில் ஒட்டிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் அந்தத் தாளை மட்டும் கூடத்துப் பணியாளர் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் யாரும் அருகில் இல்லாமல் ஒரு சென்சாரை அவர் மாற்றிப் பொருத்த முடிகிறதா என்று பாருங்கள்.